என்னைக் கேட்டா எழுதினீங்க?

“கொஞ்சம் புடிமா…”

அவ்வளவுதான். பேர் இல்லை, ஊர் இல்லை, முன்னே பின்னே பார்த்த முகம் இல்லை. மழையிலிருந்து சொட்டச் சொட்டத் தாழ்வாரத்தில் ஏறிய அந்த ஆள், நெஞ்சோடு கட்டியிருந்த துணிமூட்டையை அவிழ்த்து அம்சவள்ளியின் கையில் வைத்துவிட்டு, வேட்டி நுனியைப் பிழிய ஆரம்பித்தான்.

மூட்டை நெளிந்தது. அதற்குள்ளிருந்து ஒரு சின்னக் கொட்டாவி வந்தது.

“இன்னாங்க இது… கொழந்தை…”

“பின்ன, பூசணிக்காயா?”

“யாரு இன்னான்னு கேக்காம கையில குடுக்கறீங்களே… நான் தூக்கிகினு ஓடிட்டா?”

“ஓடறவளுக்கு இப்பிடி மூஞ்சி இருக்காது.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தான். இமையில் மழைத்துளி கோத்து நின்ற கண்கள்… இரண்டு ராத்திரி தூங்காத கண்கள்… சிரிக்கப் போகின்றனவா, அழப் போகின்றனவா என்று அவற்றுக்கே தெரியாத கண்கள். அவளுக்குக் கோபமாக வந்தது. அப்பன்காரன் தலையிலிருந்து கால்வரை நனைந்திருக்கிறான்… குழந்தையின் மேல் ஒரு பொட்டு ஈரம் இல்லை. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து, ஐப்பசி மாதம். பாகூரில் பிறப்பு, சாவு, கல்யாணம் மூன்றையும் எழுதி வைக்கிற இடத்துக்கு மேரி என்று பேர். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் மேரியின் தடிப் புத்தகத்தில் எழுத்து இன்னும் பிரெஞ்சிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதுகிறவர் செல்லக்கண்ணு. மூக்குக்கண்ணாடியும் கறுப்புக் கோட்டுமாக இருப்பார். ஊர் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்று கூப்பிடும்.

அம்சவள்ளி சேலியமேட்டிலிருந்து தன் பிறப்புப் பத்திரத்துக்கு நகல் வாங்க வந்திருந்தாள். கடலூரில் ஒரு மாப்பிள்ளை. பெண்ணுக்கு வயசு இருபத்திரண்டுதானா என்று பத்திரத்தில் பார்க்க வேண்டுமாம் அவர்களுக்கு. நகல் எழுதியாகிவிட்டது. முசேயின் மேசையில் முத்திரைக்காகக் காத்திருந்தது.

குழந்தையின் அப்பன் உள்ளே போனான். அவள் வாசற்படியில் நின்றபடி கேட்டாள்.

“பேரு?”

“உலகநாதன். கலியபெருமாள் மகன். கிருமாம்பாக்கம். இருவத்தேழு வயசு.”

“தொழில்?”

“பயிர்த்தொழில் முசே. ரெண்டு காணி நெல்லு, அரைக் காணி கரும்பு. வூட்ல அப்பா இருக்காரு, காது கேக்காது. ஆனா மாடு கத்தினா மட்டும் கேட்டுடும். மாடு ரெண்டு. பெருசு சாது, சின்னது முட்டும். எங்கம்மா போயி ஆறு வருசமாவுது. பொழுது கெடைச்சா பாகூர் ஏரியில நீச்சலடிப்பேன், இந்தக் கரையிலேந்து அந்தக் கரைக்கு. சைக்கிளைப் பிரிச்சு மாட்டுவேன். மாட்டின பிற்பாடு ரெண்டு திருகு மிஞ்சும். கூத்துல பொம்பள வேஷம் கட்டுவேன்…”

“ஏம்பா, நான் தொழிலத்தான கேட்டேன்?”

“மொத மொதல்ல அப்பனாயிருக்கறேன் முசே. முழுசா எழுதி வெச்சா, நாளைக்கு அது பெருசாயி படிச்சுப் பாக்கும்ல… நம்ம அப்பன் யாருன்னு.”

வாசற்படியில் நின்றவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். எவனோ ஒருவன், எவளுக்கோ புருஷன்… அவன் நீந்தினால் இவளுக்கு என்ன, மூழ்கினால் என்ன…

“நீச்சலு கூத்தெல்லாம் எழுத இதுல எடம் கெடையாது. கொழந்தை பேரு?”

“தையலம்மாள். எங்கம்மா பேரு.”

“தாய் பேரு?”

 ஓட்டுக்கூரையில் மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. உலகநாதன் தலையைக் குனிந்துகொண்டான். குழந்தை வீறிட்டது.

“சீக்கிரம் முடிங்க முசே,” என்றாள் அம்சவள்ளி வாசற்படியிலிருந்து. “பச்ச மண்ணு… பசியில துடிக்குது.”

செல்லக்கண்ணு அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த குழந்தையைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த நகலைப் பார்த்தார். பேனாவை மசியில் தோய்த்து மடமடவென்று எழுதினார்.

“வாம்மா, நீயும் இங்க போடு. கைநாட்டா?”

அம்சவள்ளிக்குச் சுருக்கென்றது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவளைப் பார்த்துக் கைநாட்டா என்றால்? சாட்சிக் கையெழுத்துதானே என்று நினைத்து, முத்து முத்தாகத் தமிழில் தன் பேரை எழுதினாள். மேலே இருந்த பிரெஞ்சு எழுத்து என்ன சொல்கிறது என்று கேட்க அவளுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. உலகநாதனும் அதே எண்ணத்தில் பக்கத்தில் ஒரு கையெழுத்தைப் போட்டான்.

குழந்தையைத் திருப்பி வாங்கும்போது அவன் விரல் அவள் விரலில் பட்டது. “உன் புண்ணியம்மா,” என்றான். மழையில் இறங்கிப் போய்விட்டான். அவள் இடது கையில் அந்தச் சூடு ஊர் போய்ச் சேரும்வரை இருந்தது.

*

பதினைந்தாம் நாள் காலையில் தோளில் பையோடு ஒருவர் சேலியமேட்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மை குத்துகிறவர். அம்சவள்ளியின் அண்ணன் காத்தவராயன் பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

“உலகநாதன் சம்சாரம் அம்சவள்ளி வூடு இதான?”

“அம்சவள்ளி வூடுதான். சம்சாரம்னு எவன் சொன்னான்?”

“மேரியில குடுத்த பட்டியல்ல இருக்குதுபா. பொண் கொழந்தை தையலம்மாள், சேலியமேட்ல பொறந்தது. எடுத்துகினு வரச் சொல்லு, குத்திட்டுப் போறேன். ஊர்ல இன்னும் மூணு வூடு இருக்குது.”

காத்தவராயன் வாயிலிருந்த வேப்பங்குச்சி கீழே விழுந்தது. உள்ளேயிருந்து வந்த அம்சவள்ளி முழுக்கக் கேட்டுவிட்டாள். எதிர்வீடு கேட்டது. பக்கத்து வீடும் கேட்டது.

அடுத்த மணிநேரத்தில் அண்ணனும் தங்கையும் மேரியில் நின்றார்கள்.

“ஏன் முசே… என்னைக் கேட்டா எழுதினீங்க? புருசன் எழுதிட்டீங்க, புள்ள எழுதிட்டீங்க. பேரன் பேத்தியும் எழுதியிருக்கலாமே?”

“கொழந்தை உன் கையிலதானம்மா இருந்துது. பத்திரமும் அதுக்காகத்தான் கேட்டன்னு நெனச்சேன். தலைச்சன் புள்ள தாய்வூட்லதான் பொறக்கும்… அதனால பொறந்த எடம் சேலியமேடுன்னு போட்டேன்.”

“புள்ள பெத்த மூணாம் நாளு எவளாவது மழையில நடந்து மேரிக்கு வருவாளா?”

செல்லக்கண்ணு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் கல்யாணம் ஆவாதவன்மா. எனக்கு அதெல்லாம் இன்னா தெரியும்?”

“அடிச்சு எழுதுங்க.”

“இந்தப் புத்தகத்துல அடிக்க யாராலயும் முடியாது. புதுச்சேரி கோர்ட்டுல தீர்ப்பு வந்தாத்தான். அப்பன்காரன் வந்து நடந்தத எழுதிக் குடுக்கணும், நீ கையெழுத்துப் போடணும்.”

“கொடிதான் மாறிடிச்சே?”

“கொடியத்தான் மாத்தினாங்க…”

அவள் கடலூர்ச் சாலையில் பஸ் ஏறினாள். பின்னாலேயே காத்தவராயனும் ஏறினான். கிருமாம்பாக்கத்தில் இறங்கியபோது மறுபடி தூறல். ‘வரட்டும்… அந்தப் பெண்டாட்டியையும் கூப்பிட்டு வைத்து நாலு கேள்வி கேட்கிறேன். அவள் பேரைச் சொல்ல வாய் வரவில்லையாமா அவனுக்கு?’

வீட்டுக்குள் பெண் யாரும் இல்லை. சரிகை போட்ட கூத்துச் சேலை ஒன்றை விட்டத்தில் கட்டித் தூளியாக்கியிருந்தான் உலகநாதன். குழந்தையை மடியில் போட்டுப் பாலாடையில் ஆட்டுப்பால் புகட்டிக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இவள் வாயைத் திறந்ததும் வாடியது. கடைசி வார்த்தை வரை கேட்டவன் கைப்பாலாடையைக் கீழே வைத்தான்.

“சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. சாட்சிக்குன்னுதான் நானும் நெனச்சேன்.”

“தாய் பேரு கேட்டாரே, ஏன் வாயத் தொறக்கல? உன் பொண்டாட்டிக்குப் பேரு கெடையாதா?”

“பொண்டாட்டியே கெடையாது.”

காத்தவராயன் இரண்டடி முன்னே வந்தான். உலகநாதன் குழந்தையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“விடியக்காலையில தண்ணி திருப்பப் போனேன். கரும்பு வரப்புல கெடந்துது. தொப்புள்கொடி காயல… எறும்பு ஏறியிருந்துது. யாரு பெத்ததுன்னு சுத்துப்பட்டு முழுக்க விசாரிச்சேன். கெடைச்ச கொழந்தைன்னு சொன்னா, பெத்தவங்க தெரியாததுன்னு எழுதிடுவாங்க. புதுச்சேரிக்கு எடுத்துகினு போயி அநாதை ஆசிரமத்துல சேத்துடுவாங்க. அதான் அப்பன் நான்னு சொல்லிட்டேன். தாய்க்கு இன்னா சொல்றதுன்னு நான் யோசிக்கல.”

தூறல் ஓலையில் பொட்டுப் பொட்டென்று விழுந்தது. அம்சவள்ளி கொண்டுவந்த நாலு கேள்வியும் எங்கோ போய்விட்டன.

“நீ பயப்படாத. கோர்ட்டுக்கு நான் உண்மைய எழுதிக் குடுத்துடறேன். உன் பேருமேல ஒரு தூசு ஒட்டாது.”

“கொழந்தை?”

 அவன் தூளியின் ஓரத்தைச் சரி செய்தான்.

அவளுக்கு மறுபடியும் கோபம் பொங்கியது. சண்டை போட வந்தால் சண்டை போட வேண்டாமா ஒரு மனிதன்? கெஞ்ச வேண்டாமா? கேட்டவுடன் இப்படித் தூக்கிக் கொடுத்துவிட்டால், கேட்டவள் கதி என்ன?

“உன்னப் போல ஆளு அப்பனா இருக்கவே லாயக்கில்ல,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பஸ்ஸில் அண்ணன் சொன்னான், “நம்ம ஜனந்தான் அம்சு. விசாரிச்சேன். நல்ல குடும்பம்.”

“அத எங்கிட்ட ஏன் சொல்ற?”

“சும்மா சொன்னேன்.”

*

விஷயம் கடலூருக்குப் போகாமல் இருக்குமா? மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் மாமன்காரர் வந்தார். காப்பி குடித்தார். தொண்டையைச் செருமினார்.

“எங்களுக்கு ஒண்ணும் சந்தேகம் கெடையாது. கோர்ட்டுத் தீர்ப்பு வரட்டும். அதுக்கு முன்னால கடலூர்ல டாக்டரம்மாகிட்ட பொண்ணக் காட்டி, இவ புள்ள பெத்தவ இல்லன்னு ஒரு சீட்டு வாங்கிட்டீங்கன்னா… எல்லாருக்கும் நிம்மதி.”

காத்தவராயன் தரையைப் பார்த்தான். அம்சவள்ளி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

“சீட்டு வாங்கலாம் மாமா. உங்க புள்ள இது வரைக்கும் யாருக்கும் அப்பன் ஆவலன்னு அவரும் ஒரு சீட்டு வாங்கட்டும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்போம்.”

மாமன்காரர் மேல்துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சம்பந்தம் அத்தோடு முறிந்தது.   இரவெல்லாம் அம்சவள்ளிக்கு ஒரே எண்ணம்… ‘இவர்கள் என்னைத் தெரிந்தவர்கள், ஆறு மாதமாக வந்து போனவர்கள். சீட்டு கேட்கிறார்கள். அவன் யாரோ. ஒரு கேள்வி கேட்கவில்லையே என்னை… என் பேருக்காகக் கையில் இருக்கிற குழந்தையைக் கொடுக்கிறேன் என்கிறான். முட்டாள். முழு முட்டாள்…’

*

மனு எழுதுகிற நாள் வந்தது. செல்லக்கண்ணு பிரெஞ்சில் எழுதி, இந்தத் தடவை வரிக்கு வரி தமிழில் படித்துச் சொன்னார். உலகநாதன் குழந்தைக்குத் தலை வாரி, மை வைத்து, புதுச் சட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தான். கண் சிவந்திருந்தது. மனுவில் முதல் கையெழுத்தை அவன்தான் போட்டான். 

“இப்போ நீ போடும்மா,” என்றார் செல்லக்கண்ணு. “போட்டா உன் பேரு போயிடும். அவர் பேரும் போயிடும். பெத்தவங்க தெரியாத கொழந்தைன்னு ஆவும். ஆசிரமத்துலேந்து அடுத்த வாரம் ஆள் வரும்.”

அம்சவள்ளி பேனாவைக் கையில் வாங்கினாள். மசி சொட்டி மேசையில் விழுந்தது. அவள் உலகநாதனைப் பார்த்தாள்.

“ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா?”

“எதம்மா?”

“எல்லாருமே இப்பிடித்தானா? முசே கேக்காம எழுதறாரு. எங்கண்ணன் கேக்காம கடலூர்ல பேசி முடிக்கறாரு. நீங்க கேக்காம வுட்டுக் குடுக்கறீங்க. எனக்கு இன்னா வேணும்னு ஒருத்தராவது கேக்கறீங்களா?”

உலகநாதன் குழந்தையைத் தோளுக்கு மாற்றினான். 

“கேக்கணும்னு இருந்துது,” என்றான் மெதுவாக. “நீ வூட்டுக்கு வந்து கத்திட்டுப் போன அன்னிலேந்து இருந்துது. இல்ல… பொய் சொல்லக் கூடாது. தாழ்வாரத்துல கொழந்தைய வாங்கி நெஞ்சோட சேத்துப் புடிச்சியே… அப்பவேதான். ஆனா முசே தப்பா எழுதினதக் காட்டி உன்னக் கேட்டா, அது உன் கழுத்துல கத்திய வெச்சுக் கேக்கற மாதிரி. கொழந்தைக்காகன்னு நீ தலையாட்டுவ. அது எனக்கு வேணாம்.”

“கொழந்தைக்காகன்னு யாரு சொன்னா?”

 காத்தவராயன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான்.

“எனக்கு உங்களப் புடிச்சுப் போச்சு,” என்றாள் அம்சவள்ளி, சண்டை போடுகிற குரலில். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. “அந்தக் கோவத்துல எனக்கு நாலு நாளா சோறு எறங்கல. பதில் சொல்லுங்க அதுக்கு.”

அவள் பேனாவை மேசையில் வைத்தாள். கையெழுத்துப் போடவில்லை.

“ஏண்டி அம்சு, ஊரு இன்னா சொல்லும்?” என்றான் அண்ணன், குரலில் பாதி உயிரோடு.

“ஊருதான் அன்னைக்கே சொல்லி முடிச்சுடுச்சே அண்ணே. இனிமே புதுசா இன்னா இருக்குது?”

செல்லக்கண்ணு மனுவை எடுத்து நாலாக மடித்தார். “அப்போ கல்யாணத்தையும் எழுதணும்… கொழந்தை தேதி முன்னால, கல்யாணத் தேதி பின்னால வரும். பரவாயில்லையா?”

“தாராளமா வரட்டும் முசே. இந்தத் தடவை என்னைக் கேட்டுட்டு எழுதுங்க.”

உலகநாதனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “அம்சவள்ளி… என்னைக் கட்டிக்கிறியா?”

“இங்க வெச்சா கேப்பாங்க? நாளைக்கு உங்க அப்பாவ அழைச்சுகினு எங்க வூட்டுக்கு வந்து, தட்டு வெச்சு, எங்கண்ணன்கிட்ட மொறையாக் கேளுங்க. யோசிச்சுச் சொல்றேன்னுதான் சொல்லுவேன்.”

“எவ்ளோ நேரம் யோசிப்ப?”

“நீங்க தட்டக் கீழ வெக்கிற வரைக்கும்,” என்று சொல்லிவிட்டு, அவன் தோளிலிருந்து தையலம்மாளை வாங்கிக்கொண்டாள்.