குடைக்கடைக்கு ஒரு மெஷின்

கண்டி ரயில் நிலையத்துக்கு எதிரே வீரய்யாவின் குடைக்கடை இருந்தது. கடை என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு மேசை, இரண்டு கதிரைகள். கம்பியில் குடைகள் தொங்கும்.

வீரய்யாவுக்குக் கண் தெரியாது. வாங்க வருபவர்களில் பலருக்கு அது விளங்குவதில்லை. நீலக் குடை கேட்டால் நீலக் குடையையே எடுத்துக் கொடுப்பார். ஒவ்வொரு குடையின் பிடியிலும் ஒரு நூல் கட்டியிருந்தது. கறுப்புக்கு ஒரு முடிச்சு. நீலத்துக்கு இரண்டு. பூப்போட்டதற்கு மூன்று.

ரூபாத் தாளையும் விரலே அறிந்துகொள்ளும். நூறு ரூபாத் தாளைவிட ஐந்நூறு கொஞ்சம் நீளம். அதைவிட ஆயிரம் நீளம். விரலோடு வைத்து ஒரு முறை தடவுவார். மீதியைக் கொடுப்பார். சரியா என்று யாரிடமும் கேட்கமாட்டார்.

மகள் அனுஷியா தரம் ஆறில் படித்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வருவாள். துணிக்கடையில் வேலை செய்யும் அம்மா வந்து கூட்டிப் போகும்வரை அங்கேதான் இருப்பாள்.

கொஞ்ச நாளாகக் கடையில் ஒரு தொல்லை. ரயிலிலிருந்து இறங்கி ஓடி வருபவர்கள் குடையை எடுத்துக்கொண்டு கார்டை நீட்டினார்கள். இங்கே காசு மட்டும்தான் என்றதும் குடையைத் திரும்பவும் மாட்டினார்கள். சந்தியில் இருந்த பெரிய கடையை நோக்கி ஓடினார்கள்.

"குடை வாங்கப் போறதுக்காக மழையில நனையிறாங்க," என்று வீரய்யா சிரித்தார்.

மறுநாளும் அதையே சொன்னார். அன்று சிரிக்கவில்லை. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று அவர் மனைவியிடம் சொன்னது, இரவு பாயில் படுத்திருந்த அனுஷியாவின் காதிலும் விழுந்தது.

பக்கத்துச் செருப்புக்கடை ஜவாஹிர் நானா, கார்டு மெஷின் தரும் இரண்டு கம்பனிகளுக்குச் சொல்லி அனுப்பினார். இரண்டிலிருந்தும் ஆள் வந்தார்கள்.

முதலில் வந்தவர் திலக்ஷன். அவருடைய மெஷின் கறுப்பாக, தடிப்பாக, நிறையப் பொத்தான்களோடு இருந்தது. பழைய டெலிபோன் மாதிரி இருக்கிறது என்று அனுஷியா சொன்னாள். திலக்ஷன் கோபித்துக்கொள்ளவில்லை. தன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர் ரிஸ்மி. அவருடைய மெஷினின் முகம் முழுவதும் கண்ணாடி. தொட்டால் எண்கள் வெளிச்சமாக எழுந்தன. விற்கும் ஒவ்வொரு குடைக்கும் கம்பனி ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும் என்றும், தங்கள் பங்குதான் மிகக் குறைவு என்றும், மாத வாடகையும் இல்லை என்றும் ரிஸ்மி விளக்கினார். ஏழு நாள், ஒரு கிழமை வைத்துப் பாருங்கள் என்றார்.

வீரய்யா அதை வாங்கித் தடவினார். முன்னும் பின்னும் ஒரே வழவழப்பு.

"இத யாரு அமத்துறது?"

"மகள் இருக்கிறா தானே," என்றார் ரிஸ்மி.

அனுஷியா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவளுக்கு அந்த வேலை மிகவும் பிடித்துப்போனது. வருகிறவர்கள் அப்பாவின் தலைக்கு மேலாகக் கார்டை அவளிடம் நீட்டினார்கள். அவள் எண்களைத் தொட்டாள். மெஷின் கார்டைப் படித்தது. கெட்டிக்காரப் பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் கடையில் கார்டெல்லாம் நான்தான் போடுகிறேன் என்று வகுப்பிலும் சொல்லிவைத்தாள்.

வீரய்யா குடைகளை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சும்மா நின்றார்.

புதன்கிழமை மழை முந்திக்கொண்டது. அனுஷியா கடைக்கு ஓடி வந்தபோது தகரக் கூரையின் கீழே நாலைந்து பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அப்பா மெஷினை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க. மகள் இப்ப வந்துருவா," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு பெண் பொறுக்கவில்லை. குடையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்து நின்ற, மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர், நானே போடுகிறேன் என்று மெஷினை அப்பாவின் கையிலிருந்து எடுத்தார். தானே எண்களை அமத்தினார். தானே கார்டை வைத்தார். மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடையை விரித்தார்.

கூட்டம் போன பிறகு அப்பா மெஷினை அவளிடம் நீட்டினார்.

"அந்த ஆள் சரியா போட்டிருக்காரா?"

அனுஷியா பார்த்தாள். இரண்டாயிரம் ரூபா. குடையின் விலை அதுதான்.

"சரியா இருக்குப்பா."

"நல்ல மனுசன்," என்றார் அப்பா. மெஷினை வாங்கித் துணியால் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

அனுஷியா ஈரச் சப்பாத்தைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். காசு சரியா என்று அப்பா இன்னொருவரிடம் கேட்டு அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. இன்றுதான் கேட்டிருக்கிறார்.

அவர் குடைகளை மடித்துக்கொண்டிருந்தபோது அவள் மெஷினை எடுத்து மடியில் வைத்தாள். கண்ணை மூடினாள். இரண்டாயிரம் ரூபா போட வேண்டும். விரலால் தேடினாள். கண்ணாடி வழுக்கியது. மேல், கீழ், நடு என்று எதுவுமே இல்லை. இரண்டு இங்கேதான் இருக்கும் என்று ஓரிடத்தை அமத்தினாள். பூச்சியம் கீழே இருக்கும் என்று மூன்று முறை அமத்தினாள். கண்ணைத் திறந்தாள்.

ஒரு குடை ஐயாயிரத்து எண்பத்தெட்டு ரூபா.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

"என்ன செய்யிற?" என்று அப்பா கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா. அந்த டெலிபோன் மெஷினையும் ஒருக்கா பாப்போமா?"

அந்தக் கம்பனி பங்கு கூடுதலாக எடுக்குமே என்றார் அப்பா. பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அவரது போனிலிருந்து அவளே திலக்ஷனுக்கு அழைத்தாள்.

மறுநாள் திலக்ஷன் வந்தார். வெயில் அடித்தது. கடையில் வேறு யாரும் இல்லை. அனுஷியா மெஷினை வாங்கினாள். கண்களை இறுக்க மூடிக்கொண்டாள்.

"தங்கச்சிக்கு நித்திரையா?" என்றார் திலக்ஷன்.

அவளுடைய விரல்கள் பொத்தான்களின் மேல் போயின. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓரம் இருந்தது. நடுவில் இருந்த ஐந்தின் மேல் ஒரு சின்னப் புள்ளி மேடாக இருந்தது. அதற்கு மேலே இரண்டு. கீழே எட்டு, அதற்கும் கீழே பூச்சியம். பச்சைப் பொத்தானில் ஒரு வட்டம். சிவப்பில் ஒரு குறுக்குக் கோடு.

கண்ணைத் திறந்தாள். இரண்டாயிரம் என்று இருந்தது.

"காசு வந்துச்சுன்னா எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

நீளமாக ஒரு சத்தம் வரும் என்றார் திலக்ஷன்.

"வராட்டி?"

"எங்க மெஷின்ல அப்படி வராம..."

"வராட்டி என்ன சத்தம் வரும்னு காட்டுங்க."

தன் மெஷின் வேலை செய்யாததை யார்தான் காட்ட விரும்புவார்கள்? திலக்ஷன் தலையைச் சொறிந்தார். பிறகு தன் சொந்தக் கார்டைப் போட்டு, இரகசிய எண்ணை வேண்டுமென்றே பிழையாக அமத்தினார். மெஷின் மூன்று முறை சின்னதாகக் கத்தியது.

"இப்ப சரியானதை," என்றாள் அனுஷியா. "அப்பா, நீங்க போடுங்க."

வீரய்யா மெஷினை மேசையில் வைத்தார். மெதுவாகத் தடவினார். புள்ளியைக் கண்டுபிடித்ததும் அவரது விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மேலே போனது, கீழே போனது. வட்டத்தை அமத்தினார். மெஷினைத் திலக்ஷன் பக்கம் திருப்பினார். இந்தத் தடவை திலக்ஷன் எண்ணைச் சரியாகவே அமத்தினார்.

நீளமாக ஒரு சத்தம். பற்றுச்சீட்டுத் துண்டு வெளியே வந்தது. வீரய்யா அதைக் கிழித்து நீட்டினார்.

"காசு வந்திருச்சு தம்பி. கறுப்பா, நீலமா?"

திலக்ஷன் வெயிலைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார்.

"நீலம்," என்றார்.

வீரய்யா இரண்டு முடிச்சுப் போட்ட குடையை எடுத்துக் கொடுத்தார். பிறகு பங்கையும் வாடகையையும் பற்றிக் கேட்டார். திலக்ஷன் மறைக்கவில்லை. மற்றதைவிடத் தங்களுடையது கூடத்தான் என்றார்.

வீரய்யா மகள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"மத்தது குறைவு. உனக்கும் அது புடிச்சிருக்கே. நீயே போடலாம் தானே?"

கண்ணாடி மெஷின் மேசையின் ஓரத்தில் மினுங்கியது. அனுஷியா அதைப் பார்த்தாள்.

"நான் பள்ளிக்கூடத்துல இருக்கிறப்ப மழை பெஞ்சா என்ன செய்வீங்க?" என்றாள்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. அவர் கறுப்பு மெஷினை எடுத்துத் தன் பக்கமாக வைத்துக்கொண்டார்.

கிழமை முடிந்து ரிஸ்மி வந்தபோது அனுஷியா கண்ணாடி மெஷினைத் துடைத்துக் கொடுத்தாள். இதில் என்ன குறை என்று அவர் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டாயிரம் ரூபா போட்டுப் பாருங்கள் என்றாள். ரிஸ்மி முயன்று பார்த்தார். கண்ணைத் திறந்து எண்ணைப் பார்த்துவிட்டு, கம்பனியில் சொல்கிறேன் என்று எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை மழை விடாமல் பெய்தது. அனுஷியா வந்தபோது கூரையின் கீழே கூட்டமாக இருந்தது. யாரும் அவளைத் தேடவில்லை. மெஷின் நீளமாகச் சத்தமிட்டது. துண்டு கிழிந்தது. அடுத்த ஆள் முன்னால் வந்தார். அவள் உள்ளே நுழைந்து, சப்பாத்தைக் கழற்றி, கதிரையில் கால்களை மடக்கி உட்கார்ந்து ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்தாள்.

பூப்போட்ட குடை எடுத்த ஒரு பெண் அவளைக் கண்டாள். வீரய்யாவின் தலைக்கு மேலாகக் கார்டை அவளிடம் நீட்டினாள்.

அனுஷியா கையை நீட்டவில்லை.

"அப்பாகிட்ட குடுங்க," என்றாள். "கடை அவரோடது."