நானூற்றுப் பதிமூன்றாவது பொருள்

பட்டியலில் ஒரு பொருள் கூடுதலாக இருந்தது.

இருபத்திரண்டு வருடமாக ஸ்டோர்ஸில் சாவிக்கொத்தோடு திரிவதால் எல்லோரும் சாவிக்காரர் என்றே கூப்பிடும் அந்த மனிதருக்கு எண்ணிக்கை தப்பாது. பம்புகளுக்கு ரப்பர் வளையம் செய்யும் கம்பெனி அது. ஊருக்குள் இருந்த பழைய ஷெட்டைக் காலி செய்துவிட்டு, ஊருக்கு வெளியே புதிதாக வந்திருக்கும் தொழிற்பேட்டைக்குப் போகிறது. வளையம் வார்க்கும் அச்சு இயந்திரத்திலிருந்து கேன்டீன் பெஞ்சு வரை ஒவ்வொன்றையும் கையால் தொட்டு எண்ணி, நானூற்றுப் பன்னிரண்டு என்று அவர் எழுதி வைத்திருந்தார். சாமான் ஏற்றிப் போக வந்த மூவர்ஸ்காரர்களின் பட்டியல் நானூற்றுப் பதிமூன்று என்றது. இரண்டு காகிதங்களையும் அக்கம்பக்கமாக வைத்து ஸ்கேலை வரிவரியாக இறக்கினார். கடைசி வரியில் ஸ்கேல் நின்றது.

'மேலாளர் அறை. உயர முதுகு நாற்காலி, ஒன்று. ஆள் உட்கார்ந்தபடி.'

நாற்காலியை அவர் எண்ணாததற்குக் காரணம் இருந்தது. ஸ்டோர்ஸ் ரிஜிஸ்டரில் ஏறாமல் அந்தக் கம்பெனிக்குள் வந்த ஒரே பொருள் அதுதான். முதலாளியே கடைக்குப் போய், கறுப்புத் தோல் போர்த்தியதைப் பொறுக்கியெடுத்து, நேராகச் சகலையின் அறையில் கொண்டுபோய்ப் போட்டார். சகலை என்றால் சாவிக்காரரின் சொந்தச் சகலை. மனைவியின் தங்கை புருஷன். ஆறு வருடம் முன்பு வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவனை, இரண்டு நாள் முதலாளியின் அறை வாசலில் காத்துக் கிடந்து உள்ளே சேர்த்துவிட்டது சாவிக்காரர். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால்கூட வலிதான், இவன் பாயவுமில்லை. சிரித்துக்கொண்டே பக்கத்தில் நடந்து வந்து, ஒருநாள் முன்னால் போய்விட்டான்.

புது இடத்தின் வரைபடம் சுவரில் ஒட்டியிருந்தது. முன்பக்கம், இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த அறையில் 'மேலாளர்' என்று பென்சிலில் எழுதிச் சகலையின் பெயரைப் போட்டிருந்தார்கள். பின்பக்கம், ஜெனரேட்டருக்கும் கழிப்பறைக்கும் நடுவில், ஜன்னலே இல்லாத பெட்டி ஒன்று. அதில் 'ஸ்டோர்ஸ்'. தினமும் அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் உள்ளே வருவார். பார்க்காமல் போனதில்லை. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

மூவர்ஸைப் பேசி முடிக்கும் பொறுப்பை மட்டும் முதலாளி அவரிடம் விட்டிருந்தார். மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் பதினைந்து நாள் கேட்டான். இரண்டாமவன் அச்சு இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கிரேன் உள்ளே நுழையாது என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனான். மூன்றாவதாக வந்த மேஸ்திரி டேப் வைத்து அளக்கவில்லை, குறிப்பும் எடுக்கவில்லை. கையில் துணிக் கையுறையோடு அறை அறையாக நின்று பார்த்தார். அவர் பக்கத்தில் வந்தபோது, பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை வந்தது. ஒரே நாளில் முடித்துவிடுவதாகச் சொன்னார். சாவிக்காரர் சரி என்றுவிட்டார்.

இப்போது அதே மேஸ்திரி மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"இதென்ன மேஸ்திரி, ஆள் உட்கார்ந்தபடின்னு எழுதியிருக்கீங்க?"

"சர்வே அன்னைக்குக் கண்ணுல பட்டத எழுதியிருக்கோம் சார்."

"அதுக்காக ஆளையுமா சாமான் கணக்குல சேப்பீங்க? நல்ல ஆளுய்யா!"

மேஸ்திரி சிரிக்கவில்லை. "வேண்டாம்னா அந்த வரிய அடிச்சுட்டுப் பக்கத்துல ஒரு கையெழுத்து போட்டுருங்க. அடிக்காத வரிய நாங்க விட்டுட்டுப் போறதில்ல." இரண்டு கட்டு ஸ்டிக்கர்களை எடுத்து மேசைமேல் வைத்தார். "பச்சை ஒட்டினா புது இடம். சிவப்பு ஒட்டினா கழிவு. ஒட்டறது உங்க வேலை, தூக்கறது எங்க வேலை. கழிவ எங்க எறக்கணும்னு கடைசிக் கட்டத்துல எழுதிருங்க."

"எழுதாம விட்டா?"

"எடம் சொல்லாத பொருள் எங்ககிட்ட தங்காது சார். கையெழுத்து போட்டவருக்கே வந்து சேந்துரும்."

சாவிக்காரர் பேனாவை எடுத்தார். ஒரு கோடு, அவ்வளவுதான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சகலையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார். முதலாளி சகலையின் தோளில் கை போட்டபடி வரைபடத்தில் எதையோ காட்டிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கை சாவிக்காரரின் தோளில் ஒருமுறைகூட விழுந்ததில்லை. அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். எழுத்துப் பிழையைத் திருத்துவது என் வேலையா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு பேர் வந்தார்கள். கூலியாட்கள் சாமான் தூக்கும்போது கேட்கும் ஏலேலோவோ, திட்டோ, 'பார்த்துப் பார்த்து' என்ற கத்தலோ எதுவும் இல்லை. வாங்கி வந்த அன்று எட்டுப் பேர் சங்கிலிக் கப்பி கட்டி இறக்கிய அச்சு இயந்திரத்தை நான்கு பேரும் குனிந்து, பிடித்து, நிமிர்ந்தார்கள். அது அவர்களோடு நடந்து போனது. ரப்பர் ஒட்டாமலிருக்கத் தூவும் வெள்ளைப் பவுடர் அந்தத் தரையெங்கும் எப்போதும் படிந்திருக்கும். பூனை போனால்கூடத் தடம் தெரியும். சாவிக்காரரின் செருப்புத் தடம் வாசலிலிருந்து ஸ்டோர்ஸ் வரை தெளிவாக இருந்தது. அந்த நான்கு பேரும் காலையிலிருந்து போய்வந்த வழியில் பவுடர் கலையாமல் கிடந்தது.

அவருக்கு எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒருகணம் தோன்றியது. பட்டியலைப் பார்த்தார். மூன்று மணிக்குள் நானூற்றுப் பன்னிரண்டு வரிகளிலும் டிக் விழுந்திருந்தது. ஷெட் காலியாகக் காலியாக அதன் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. அவர் இருமினால் தூரத்து மூலையில் வேறு யாரோ இருமினார்கள்.

அப்போதுதான் சகலை வந்தான். சலவைச் சட்டை, தலைக்கு எண்ணெய், கையில் செல்போன்.

"என்ன சகல, ஞாயித்துக்கிழமையும் விடலையா? நீங்க இல்லன்னா இந்தக் கம்பெனி நொண்டிதான் போங்க."

அறைக்குள் மிச்சமிருந்தது அந்த நாற்காலி மட்டும். சகலை அதில் பொத்தென்று உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினான்.

"சகல, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ஜன்னல் இல்லாத ரூம் உங்களுக்கு வேணாம்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன். என் ரூம்லயே ஒரு ஓரமா மேசை போட்டுத் தர்றேன். வயசான காலத்துல நீங்க ஏன் அந்த இருட்டுல கெடக்கணும்?"

நல்ல மனதோடுதான் சொன்னான். அது சாவிக்காரருக்கும் தெரியும். அதுதான் அவரைச் சுட்டது. திட்டியிருந்தால், தட்டிவிட்டிருந்தால், தாங்கியிருப்பார். ஓரமாக ஒரு மேசை. இவன் அறையில், இவன் பார்வையில், இவன் போட்ட பிச்சையில்.

"ரொம்ப நல்லது தம்பி," என்றார். நாற்காலிக்குப் பின்னால் போய் அதன் முதுகை இரண்டு தட்டுத் தட்டினார். கையை எடுத்தபோது அங்கே 413 என்று அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சிவப்பு.

சும்மா விளையாட்டுக்கு. நாற்காலி குப்பைக்குப் போனால் போகட்டும், வந்து தூக்குகிறவர்கள் இவனை எழுந்திருக்கச் சொல்லுவார்கள், அவமானப்படட்டும். அப்படித்தான் நினைத்தார். அப்படித்தான் நினைத்ததாகப் பிறகும் நினைத்துக்கொள்வார்.

"கொஞ்ச நேரம் உக்காந்திரு. ஸ்டோர்ஸைப் பூட்டிட்டு வந்துடறேன்."

காலியான ஸ்டோர்ஸில் சுவரோரம் நின்றார். மேஸ்திரி காகிதத்தை நீட்டினார். சாவிக்காரர் கையெழுத்துப் போட்டார். மேஸ்திரி கீழே ஒரு கட்டத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், காகிதத்தை மடித்துக்கொண்டு போனார். நான்கு பேரும் பின்னாலேயே போனார்கள்.

கதவு திறக்கும் சத்தம்.

"யாருப்பா? ஓ, நாற்காலியா? இருங்க, எந்திரிக்..."

பிறகு அது. பிளாஸ்டிக் ரோலைப் பிரித்து இழுக்கும் சத்தம். க்ர்ர்ர்ர். அலமாரிகளுக்கும் மேசைகளுக்கும் காலையிலிருந்து கேட்ட அதே சத்தம். ஒரு சுற்று.

"டேய், என்னடா பண்றீங்க? விடுங்கடா!"

க்ர்ர்ர்ர். இரண்டு சுற்று.

"சகல!"

சாவிக்காரரின் கையில் சாவிக்கொத்து. அறை இருபது அடி தூரம்தான். ஒரு வார்த்தை போதும். நிறுத்துங்கள். அது தப்பு. அந்த வரியை அடித்துவிடுகிறேன்.

"சகல! சக..."

க்ர்ர்ர்ர்.

அவர் எண்ணினார். எண்ணுவதுதான் அவருக்குத் தெரிந்த வேலை. ஏழு. எட்டு. ஒன்பது. பதினைந்துக்கு மேல் சகலையின் குரல் இல்லை. இருபத்திரண்டில் ரோல் நின்றது.

அவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். சாவிக்காரர் எட்டிப் பார்க்கவில்லை. கண் தானாகப் பார்த்தது. உட்கார்ந்த வடிவில் வெள்ளையாக ஒன்று. கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில், உள்ளேயிருந்து அழுத்திய ஐந்து விரல்.

லாரிக் கதவு சாத்தப்பட்டது. வண்டி கிளம்பிய சத்தம் கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தபோது தெருவில் வண்டி இல்லை. சகலையின் ஸ்கூட்டர் மட்டும் நிழலில் நின்றது.

வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கு நினைவில்லை. வழியெல்லாம் மனதில் ஒரு படம் ஓடியது. இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த அறை, காற்று, வெளிச்சம், அதில் அவர். பயமும் கூடவே வந்தது. ஆனால் அந்த வெளிச்சத்தை அவரால் விட முடியவில்லை. எங்கே கொண்டு போயிருப்பார்கள்? குப்பைமேட்டுக்கா? எந்தக் குப்பைமேடு? தெருமுனை திரும்பும்போதுதான் உறைத்தது. கடைசிக் கட்டம். 'கழிவு இறக்க வேண்டிய இடம்.' ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாத மனிதர் அதைக் காலியாக விட்டிருந்தார்.

ஓடினார்.

மனைவி வாசலிலேயே நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அவளிடம் அப்படியொரு சிரிப்பைப் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

"என்னங்க, சொல்லவே இல்ல பாத்தீங்களா! அந்தப் பெரிய நாற்காலி உங்களுக்குத்தான் வந்திருக்கு. உங்க பேர் போட்டே கொண்டாந்து எறக்கினாங்க. மேலாளர் வேலைய உங்களுக்கே மாத்திட்டாங்களா? தங்கச்சி கேட்டா வயிறெரிவா!"

கூடத்தின் நடுவில் அது இருந்தது. இருபத்திரண்டு சுற்று. உள்ளே ஒன்றும் தெரியாத வெள்ளை. பூட்டிய வீட்டு வாடை அறை முழுக்க.

"உள்ள பஞ்சு கிஞ்சு வச்சுக் கட்டியிருக்காங்க போல, என்னா கனம்!" அவள் கையில் கத்தரிக்கோல் இருந்தது. "நீங்க வந்ததும் பிரிக்கலாம்னு இருந்தேன். தங்கச்சியும் வந்துட்டே இருக்கா. அவ வீட்டுக்காரர் போனையே எடுக்கலையாம்."

வெள்ளையின் மேல்பக்கம், முகம் இருக்கவேண்டிய உயரத்தில், சின்ன வட்டமாக ஆவி பூத்தது. மங்கியது. பிளாஸ்டிக் உள்ளே இழுத்தது. வெளியே தள்ளியது. மறுபடி பூத்தது. முதலில் இருந்ததைவிடச் சின்ன வட்டம்.

உயிர் இருந்தது.

ஒரு வெட்டு. ஒரே வெட்டு போதும்.

"குடு," என்றார் சாவிக்காரர். அவள் கத்தரிக்கோலை நீட்டினாள். அவர் வாங்கினார். வாங்கி, தன் பேன்ட் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப வேணாம்," என்றார். "நல்ல நேரம் பார்த்துப் பிரிக்கலாம்."

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். "அக்கா!" மைத்துனி காதில் போனை வைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். "ரிங் போயிட்டே இருக்குக்கா, எடுக்கவே மாட்டேங்கறார். அத்தான், உங்ககூடத்தானே இருந்தார்?"

வெள்ளைக்குள் போன் அடித்தது.

ஆவி வட்டம் ஒரு பொத்தான் அளவுக்கு வந்திருந்தது. சாவிக்காரர் பைக்குள் கத்தரிக்கோலை இறுகப் பிடித்தபடி, அடுத்த மூச்சு வருமா என்று எண்ணிக்கொண்டிருந்தார்.