ஒரு கண்ணிக்கு ஒரு பகல்

சங்கிலியைக் கழுத்தில் போட்டதும் குணவதியின் நாக்கில் காபி கசந்தது. அவள் காபி குடிப்பதில்லை. எப்போதோ செத்துப்போன மேயர் ஒருவர், தாம் கட்டிய மேம்பாலத்தைத் திறக்கப் புறப்பட்ட காலையில் குடித்த காபி அது. முந்நீர்ப்பட்டினத்துக்கு அவள் மேயரான நாளிலிருந்து தினமும் இப்படித்தான். சிவப்பு அங்கி, தங்கச் சங்கிலி, பிறகு முன்னவர்களில் யாரோ ஒருவருடைய பகல்.

மேயருக்கு ஒரு நினைவுக்கண்ணி என்று சங்கிலி வளர்ந்துகொண்டே வந்தது. பதவியைவிட்டு இறங்குகிற அன்று ஒவ்வொருவரும் அந்தப் பகலை அதில் பதித்துவிட்டுப் போவார்கள். பார்த்தது, கேட்டது, மனசில் பட்டது எல்லாம் அப்படியே பதியும். தாளையும் படத்தையும் எந்திரங்களே பொய்யாக உண்டாக்கித் தள்ளிய காலத்தில், நீதிமன்றம் நம்பிய ஒரே சாட்சி இந்தச் சங்கிலிதான். அரசுகள் மாறின, கொடிகள் மாறின, கடல் வந்து இரண்டு தெருவை விழுங்கியது. சங்கிலி மட்டும் அறுபடவில்லை.

ஆனால் யார் தன் கெட்ட நாளைப் பதிப்பார்கள்? கடைசி நாளன்று பாலத்தில் நின்றார்கள், மருத்துவமனையில் நின்றார்கள், மாலை வாங்கிக்கொண்டார்கள். இத்தனை பேருடைய பெருமையைச் சுமந்து குணவதிக்கு அலுத்துப்போயிருந்தது.

ஆணையர் ரஷீத் உள்ளே வந்து உட்காராமலே சொன்னார். "மாமன்றத்தைக் கலைச்சிட்டாங்க மேடம். நாளைக்குத் தனி அலுவலர் பொறுப்பேத்துக்கறார்."

மேலே ஆட்சி மாறிய அன்றே எதிர்பார்த்த செய்திதான்.

"அப்ப இன்னிக்குத்தான் என் பகல்."

"ஆமா மேடம். கடல்நீர் ஆலைக்கு வண்டி ரெடி. அங்க நின்னு பதிச்சிடுங்க. இல்லேன்னா அவங்க பேரைப் போட்டுக்குவாங்க."

அவர் சொன்னது சரிதான். அந்த ஆலைக்காக அவள் படாத பாடில்லை. பாதி நகரம் இன்று குடிக்கிற தண்ணீர் அவள் கொண்டுவந்தது.

ஆனால் தனி அலுவலருக்குச் சங்கிலி கிடையாது. மாமன்றம் கலைந்திருந்த வருடங்களுக்குக் கண்ணியும் கிடையாது. அப்படியொரு வருடத்தில்தான் ஓடைக்கரை அழிந்தது. அடைமழையில், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், ஏரி மதகைத் திறந்துவிட்டார்கள். குணவதியின் தம்பி பன்னீர் அந்த வெள்ளத்தில் போனான். பிழைத்தவர்கள் போட்ட வழக்கு, சங்கிலியில் அப்படி எதுவும் இல்லை என்று தள்ளுபடியானது. மேயரான முதல் நாள் அவள் தேடியது அந்த வருடத்தைத்தான். இரண்டு கண்ணிகள் ஒன்றோடொன்று கோத்து நின்றன, நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல.

"ஆலைக்கு வேணாம். வெள்ளத்துல பொழச்ச எஸ்தர் கடைக்குப் போகலாம்," என்றாள்.

"நடந்து முடிஞ்சதைப் பதிக்க முடியாது மேடம். இன்னிக்குப் பார்க்கறது, கேக்கறது மட்டும்தான்."

"கேக்கத்தான் போறேன்."

ரஷீத் தயங்கினார். "புது மேயர் யார் வந்தாலும், போட்டதும் கடைசிக் கண்ணிதான் முதல்ல வரும். அது உங்களுது."

"தெரியும்."

கண்ணி என்றால் சங்கிலியின் வளையம். பறவை பிடிக்கிறவன் வைப்பதும் கண்ணிதான். தமிழில் அதற்கு இரண்டு பொருள் இருப்பது அவளுக்கு அன்று வசதியாக இருந்தது.

ஓடைக்கரையில் பிழைத்தவர்களைக் குடிவைத்த அடுக்ககத்தின் அடியில் எஸ்தர் இட்லிக் கடை வைத்திருந்தாள். சின்ன வயதில் குணவதிக்குப் பக்கத்து வீடு.

"இன்னாடி, தேர் மாதிரி ஜோடிச்சிக்கினு வந்து நிக்கிற?"

"வெள்ளம் வந்த அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு எஸ்தர்."

எஸ்தரின் சிரிப்பு நின்றது. "உனக்குத் தெரியாததா?"

"நான் ஹாஸ்டல்ல இருந்தேன். அப்புறமும் யார்கிட்டயும் கேக்கல. பயமா இருந்துச்சு."

எஸ்தர் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கூரைமேல ஏறிட்டோம். உன் தம்பி கையை நான்தான் புடிச்சிருந்தேன். அக்கா வந்துடும், அக்கா வந்துடும்னு எனக்கே தைரியம் சொல்லிக்கினு இருந்தான். அப்பால கூரை உடைஞ்சுது. தண்ணிக்குள்ள போயி மேல வந்தேன். பார்த்தா, கையில அவன் சட்டை மட்டும்தான் இருந்துச்சு."

குணவதி வாய்விட்டு அழுதாள். எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. போகவில்லை. அடுக்ககத்திலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்து பேசினார்கள். பொழுது சாய்ந்து, பதிவு முடிந்த அடையாளமாகச் சங்கிலி கழுத்தில் குளிரும்வரை அவள் கேட்டாள்.

மறுநாள் சங்கிலி கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. கடல்நீர் ஆலையில் வேறு பெயர் ஏறியது. மேயர்களின் வரலாறு என்று அரசு வெளியிட்ட நூலில் குணவதியின் பெயருக்குக் கீழே, குறிப்பிடத்தக்க பணி ஏதுமில்லை என்று அச்சிட்டார்கள். அவளுக்கு வலிக்காமல் இல்லை.

நெடுங்காலம் கழித்துத்தான் தேர்தல் வந்தது. அன்று ஆட்சியிலிருந்து மதகைத் திறந்த கட்சியைச் சேர்ந்த மகிழ்நன் வென்றார். பதவியேற்பை எஸ்தர் கடைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒரே பிள்ளை, செல்லமாக வளர்ந்தவர் என்று அறிவிப்பாளர் அவர் புகழ் பாடிக்கொண்டிருந்தார். ‘வணக்கத்துக்குரிய மேயர்’ என்ற குரலோடு சங்கிலி அவர் கழுத்தில் விழுந்தது.

மகிழ்நன் சிரித்தபடி கும்பிட்டார். கும்பிட்ட கை பாதியில் பிரிந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மன்றம் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. ஒலிவாங்கியில் அவர் குரல் சிறு பிள்ளையின் குரலாக வந்தது.

"என் தம்பி எங்க?"

கைதட்டல் அடங்கியது. இந்த நாளுக்காகத்தான் குணவதி காத்திருந்தாள். ஆனால் பழி தீர்ந்த நிம்மதி வரவில்லை. அந்த மனிதரை நினைத்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுவுறான் பாருடி," என்றாள் எஸ்தர்.

"அழட்டும். இனிமே அவனுக்கும் தம்பிதானே."