கிருஷ்ணவேணியின் கணவர்

“பி.பி. காலுங்க. கிருஷ்ணவேணி அம்மாவக் கூப்புடுங்க.”

“நான்தாங்க கிருஷ்ணவேணி.”

திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்த பாஞ்சாலிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கணீரென்ற ஆண்குரல்... கிருஷ்ணவேணியாம்.

“வெளையாடாதீங்க. பி.பி. கால்னா பேர் சொல்லிக் கேட்ட ஆள்தான் பேசணும். அந்தம்மாவக் குடுங்க.”

“அவங்க... வந்து... நான்தான்னு சொல்றேனே...”

“பார்ட்டி இல்லன்னு மதராசுக்குச் சொல்லிட்றேன்.”

சொல்லியும் விட்டாள். வேலையில் சட்டம் என்றால் பாஞ்சாலிக்குச் சட்டம்தான். அப்புறம்தான் உறைத்தது... கூப்பிட்டது ஒரு வாரப் பத்திரிகை ஆபீஸ். அப்படியானால், ஊரில் பெண்களெல்லாம் விழுந்து விழுந்து படிக்கிற தொடர்கதை எழுதும் அந்தக் கிருஷ்ணவேணியா? அந்த மகராசி, லைன் போன மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவில் என்ன செய்கிறாள்?

பாஞ்சாலிக்குத் தெரியாததை நாம் தெரிந்துகொள்வோம். பேசியவன் மண்டியில் கணக்கு எழுதும் தாண்டவராயன். அவன் சொன்னது சத்தியமான உண்மை. சொந்தப் பெயரில் அனுப்பிய கதைகளெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. தாண்டவராயன் என்பவன் எழுதிய காதலை யார் நம்புவார்கள்? ஆசிரியர்தான் பெண் பெயர் வைக்கச் சொன்னார். வைத்தான்... கொடிகட்டிப் பறந்தது. வாசகிகள் ‘அக்கா, அக்கா’ என்று உருகினார்கள். ‘விஷயம் வெளியே போனால் உன் எழுத்துக்கு இங்கே இடமில்லை’ என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அடுத்த புதன்கிழமை மதராஸ் மறுபடி கூப்பிட்டபோது, மண்டியிலிருந்து ஒரு கீச்சுக்குரல் வந்தது.

“ஹலோ... கிருஷ்ணவேணி பேசறேங்க...”

பாஞ்சாலி சிரித்துவிட்டாள். அடக்க அடக்க வந்தது சிரிப்பு.

“அந்தம்மாவுக்கு போன்ல பேச வெக்கமா இருந்தா நேராவே சொல்லலாமே. நீங்க அவங்க வூட்டுக்காரர்தானே?”

ரகசியத்தைக் காப்பாற்றத் தாண்டவராயனுக்கு வேறு வழி தெரியவில்லை.

“ஆமாங்க.”

ஒரே வார்த்தை. இல்லாத மனைவிக்குப் புருஷனாகிவிட்டான். சட்டத்தைக் கொஞ்சம் மறந்து பாஞ்சாலியும் லைனைக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து புதன்கிழமை என்றால் இருவருக்கும் ஒரு படபடப்பு. மதராஸ் லைன் கிடைக்கிற வரைக்கும் பேச்சு ஓடும்.

“அந்தம்மா எப்படி இருக்காங்க?”

“ஜுரங்க... படுத்துக்கினு இருக்காங்க.”

“போன வாரமும் ஜுரந்தானே. டாக்டர் கிட்டக் கூட்டிக்கினு போங்க. அப்புறம்... கதையில அந்தப் பொண்ண அழ வெச்சிக்கினே இருக்காங்களே, ஒரு தபா சிரிக்க வெக்கச் சொல்லுங்க.”

அடுத்த இதழில் கதாநாயகி சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். படித்த பாஞ்சாலிக்குக் குப்பென்று வேர்த்தது. இது என் சிரிப்பாயிற்றே... இன்னொருத்தி சிரிப்பைப் பற்றி ஒருவன் பெண்டாட்டியிடம் இப்படியா சொல்வான்? அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. இன்னொருத்தி புருஷன்... அந்தக் குரலை இனி நினைக்கவே கூடாது என்று தீர்மானம் செய்தாள். தீர்மானம் புதன்கிழமை வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. கிளியனூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக அண்ணன் பச்சைமுத்து சொன்னான். மாப்பிள்ளை நடராசனுக்கு நஞ்சை புஞ்சை எல்லாம் உண்டு. ஆனால் மருமகள் வேலைக்குப் போகக் கூடாதாம். பாஞ்சாலி சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. பெண் பார்ப்பதற்கு முதல் நாள் விழுப்புரம் போய் அக்காவுக்குத் தகவல் சொல்லிவிட்டு, ஜங்ஷனில் பாசஞ்சருக்குக் காத்திருந்தாள்.

சோவென்று மழை. கூரையிலிருந்து தண்ணீர் சரம் சரமாக இறங்கியது. சாரலுக்கு ஒதுங்கி நின்றவளின் முதுகுக்குப் பின்னால்...

“பாசஞ்சர் இன்னும் லேட்டாகுங்களா?”

யாரோ போர்ட்டரிடம் கேட்கிறார்கள். அந்தக் குரல்.

திரும்பினாள். மாநிறம்... நனைந்த தலைமுடி... தூக்கம் போதாத, சிரிக்கிற கண்கள். அவள் பார்வை அவசரமாக அவன் பக்கத்தில் தேடியது.

“அந்தம்மா வரலிங்களா?”

அவன் கையிலிருந்த குடை நழுவிக் கீழே விழுந்தது.

“எக்ஸ்சேஞ்சு...?”

“பாஞ்சாலி.”

“நான் தாண்டவராயன்.”

மூன்று மாதமாக வாய் ஓயாமல் பேசியவர்கள், இப்போதுதான் முதல்முறை முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அவள்தான் தலையைக் குனிந்துகொண்டு ஆரம்பித்தாள்.

“நாளைக்கு என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க, அண்ணன் ஏற்பாடு. வேலைய வுடச் சொல்றாங்க. இனிமே வேற யாராச்சும்தான் லைன் குடுப்பாங்க. அந்தம்மா கிட்ட... நான் ரொம்ப விரும்பிப் படிச்சேன்னு சொல்லுங்க.”

இன்றைக்கு வாயைத் திறக்காவிட்டால் இவளை இழந்தோம் என்று தாண்டவராயனுக்குப் புரிந்தது. திறந்தால் எழுத்து போய்விடும். போகட்டுமே...

“அந்தம்மான்னு யாரும் கெடையாதுங்க. எனக்குக் கல்யாணமே ஆவல. அந்தக் கதையெல்லாம் எழுதறது நான்தான். மொத நாளே உண்மையத்தான் சொன்னேன்.”

பாஞ்சாலி நிமிர்ந்தாள். கண்களில் தீப்பொறி.

“ஜுரம்னீங்களே. வாரா வாரம் நான் விசாரிக்கறப்ப மனசுக்குள்ள சிரிச்சிக்கினு இருந்தீங்களா?”

“சிரிக்கலிங்க. ஒவ்வொரு தபாவும் சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வரும். சொன்னா பத்திரிகை வுட்டுடும். இப்ப சொல்லிட்டேன். நாளைக்கு உங்க அண்ணன் கிட்டயும் வந்து சொல்றேன். கிருஷ்ணவேணி போனாப் போவட்டும்... நீங்க போவக் கூடாது.”

அவள் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தண்டவாளத்தின் மேல் மழை தாளம் போட்டது. தூரத்தில் ரயில் ஊதியது. எழுத்தையும் இழந்து அவளையும் இழந்துவிட்டோம் என்று எண்ணி, அவன் குடையை எடுத்தான்.

“எனக்குக் கோவம் உங்க மேல மட்டும் இல்ல.” திரும்பாமலே சொன்னாள். “அந்தம்மாவுக்கு ஜுரம்னு சொன்னீங்கல்ல... வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போய் வெளக்கு ஏத்துவேன். ஏத்திட்டு நிப்பேன். அவங்க நல்லாயிடணும்னு வேண்டிக்க வாயே வராதுங்க... ஒரு நாள்கூட வரல. இன்னா பாவிடா நாமன்னு அழுதுக்கினு வூட்டுக்கு வருவேன்.”

எத்தனையோ வாசகிகளை அழவைத்த எழுத்தாளனின் கண்கள் நிரம்பின.

ரயில் வந்து நின்றது. பெண்கள் பெட்டியில் ஏறியவள், ஜன்னலோரம் உட்கார்ந்து அவனைக் கூப்பிட்டாள். மழைத்துளிகள் தங்கிய இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள் இப்போது சிரித்தன.

“கிருஷ்ணவேணி பேச்சையெல்லாம் அண்ணன் கிட்ட எடுக்காதீங்க. அது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். மண்டியில கணக்கு எழுதறேன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

“சரிங்க...”

“காலையிலேயே ஜல்தியா வந்துடுங்க. கிளியனூர்க்காரங்க பத்து மணிக்கெல்லாம் வந்துருவாங்க.”