மிளகாய்ச் சிவப்புக்கு ஒரு வளையம்

புடாபெஸ்டில் எங்கள் வீட்டு மீன் சூப்பின் மேல் எப்போதும் சிவப்பு எண்ணெய் மிதக்கும். மிளகாயின் நிறம் எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீரோடு சேராது. அதைத் தண்ணீரில் கரைய வைப்பதுதான் ஆய்வகத்தில் அம்மாவின் வேலை.

எனக்கு அந்த நிறத்தின் மேல் ஒரே கோபம். பாலடோன் ஏரிக்குப் போவது அதனால்தான் இரண்டு கோடையாகத் தள்ளிப்போனது.

எனக்குப் பத்து வயதான கோடை. அந்தச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆய்வகத் தலைவி வடாஷ் அம்மையாரிடம் அம்மா சிவப்புத் தண்ணீரைக் காட்டிவிட்டால், ஒரு மணி ரயிலில் ஏரிக்குக் கிளம்பலாம். இல்லாவிட்டால் ஞாயிறும் வேலை. நான் நீச்சல் வளையத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டே ஆய்வகத்துக்குப் போனேன்.

"எமோகே, அதக் கழட்டேன்டி. எல்லாரும் பாக்கறாங்க."

"ஊதறதுக்கே அரை மணி ஆச்சும்மா."

அம்மாவுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. "ரெண்டு பொடியையும் தண்ணி விட்டுச் சேத்து வை," என்று புது உதவியாளர் திஹமேரிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

ஒன்று மிளகாய்ச் சிவப்பு. இன்னொன்று மாவுச்சத்திலிருந்து செய்த வெள்ளைப் பொடி. அதன் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு குட்டி வளையம் என்று அம்மா சொல்லியிருந்தாள். சிவப்பு உள்ளே உட்காரும், வளையத்தின் வெளிப்பக்கம் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும்.

திஹமேர் இரண்டையும் ஒரு குவளைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினார். சிவப்பு அப்படியே மேலே மிதந்தது.

"போச்சு. உங்கம்மா என்னை ஊருக்கே அனுப்பிடுவாங்க."

"மிளகா வெளையற கலோச்சாவுல பொறந்துட்டு மிளகாய்க்குப் பயப்படறீங்களே மாமா."

அவர் சிரிக்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. என் வளையத்தைத் தடவியபடி யோசித்தேன்.

"மாமா, என்னைத் தனியா, இந்த வளையத்தத் தனியா ஏரியில போட்டா என்ன ஆகும்?"

"நீ முழுகிடுவே."

"அப்ப சிவப்புக்கும் தண்ணியில எறங்கறதுக்கு முன்னாடி, கரையிலயே வளையத்த மாட்டி விட்டுடலாமே?"

திஹமேர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "உங்கம்மா சொன்னது பிசையறதை. நான் குழம்பு வச்சுட்டேன்."

மிச்சமிருந்த பொடிகளை உரலில் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் மட்டும் விட்டு, ரொட்டி மாவு போலப் பிசைந்தார். கை வலித்தபோது நான் குழவியை வாங்கிக்கொண்டேன். திரும்பி வந்த அம்மா மிதக்கும் சிவப்பைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானும் பிசைய உட்கார்ந்தாள்.

பதினொரு மணிக்கு அந்தக் களியைத் தண்ணீரில் கரைத்தோம். குவளை முழுவதும் ஒரே சிவப்பாக நின்றது.

வடாஷ் அம்மையார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மீன் மட்டுந்தான் போடல. கெளம்புங்க, ரயில் போயிடும்."

பாலடோனில் நடந்துகொண்டே இருந்தோம். எவ்வளவு தூரம் போயும் தண்ணீர் என் முழங்காலைத் தாண்டவில்லை. அம்மா கைக்கடிகாரத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அன்று சாயங்காலம் முழுவதும் அவள் எனக்கு மட்டும் அம்மாவாக இருந்தாள்.