பயச்சுற்று

பயச்சுற்று அன்றும் கதவோரத்து நாற்காலியிலிருந்துதான் தொடங்கியது. சங்குமுனை ஊர்க்கூட்டத்தில் எந்தத் தீர்மானமும் வாக்கெடுப்புக்குப் போகுமுன், வந்திருக்கும் ஒவ்வொருவரும் எழுந்து, அதனால் நேரக்கூடிய மிகக் கெட்டதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். கடலுக்குப் போகிற ஊர் என்பதால் வந்த வழக்கம் அது. சொல்லப்படும் ஒவ்வொரு பயத்தையும் குறிப்பாளர் ஜோவிட்டா நிழற்பெட்டிக்குப் படித்துக் காட்டுவாள். பெட்டிக்குள்ளிருந்து தவசி பதில் சொல்வார்.

தவசி என்றால் தவசியின் நிழல். ஒரு மனிதனின் பேச்சு, கடிதம், வாக்குமூலம் எல்லாவற்றையும் உள்வாங்கிக்கொண்டு, இன்ன நிலைமையில் அவன் என்ன செய்வான் என்று அவன் குரலிலேயே சொல்லும் கருவி அது. வக்கீல்கள் எதிர்த்தரப்பு வக்கீலின் நிழலை வாடகைக்கு எடுத்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் நிழலை எடுத்தார்கள். சங்குமுனை, மூன்றாம் திட்டிலிருந்து போதைத்தூள் கடத்தும் கும்பலின் தலைவரை எடுத்திருந்தது. மூன்றாம் திட்டு கடலெல்லைக் கோட்டின் மேலேயே கிடக்கும் மணல்மேடு. இரண்டு நாட்டுக் காவற்படைகளும் அதைத் தொலைநோக்கியில் பார்க்கும், கால் வைக்காது. இரண்டு ஆண்டுகளில் திட்டுக்காரர்கள் சங்குமுனையில் ஆறு படகுகளை எரித்திருந்தார்கள், இரண்டு பேரைக் கொன்றிருந்தார்கள். பதினொரு நாளுக்கு முன் ஜோவிட்டாவின் அண்ணன் டெல்வினைப் படகோடு பிடித்துப் போனார்கள்.

அன்றைய தீர்மானம், திட்டைச் சுற்றி வளைக்கும்படி இரு நாடுகளுக்கும் மனு அனுப்புவது.

"ஐஸ் ஆலையக் கொளுத்திருவாங்க" என்றார் கதவோரத்துக்காரர்.

ஜோவிட்டா அதைப் படிக்கவில்லை. பெட்டியின் மின்கம்பியைக் கையில் பிடித்திருந்தாள்.

"ஏத்தா, படி" என்றார் ஊர்த்தலைவர் கஸ்பார்.

"படிக்க மாட்டேன் மாமா. மொதல்ல ஒண்ணு சொல்லணும். தப்பா இருந்தா மன்னிச்சிருங்க. மூணு தடவை சரிபார்த்துட்டேன்."

காலையில் ஐஸ் ஆலையில் வேலை, வாரத்தில் மூன்று நாள் மாலை நகரத்தில் நிழலியல் சான்றிதழ் வகுப்பு என்று ஓடிக்கொண்டிருந்தவள் அவள். வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள்: உங்களுக்குத் தெரிந்த ஒரு நிழல் எத்தனை முறை சரியாகச் சொல்கிறது என்று கணக்கிடுங்கள். நல்ல நிழல் நூற்றுக்கு அறுபது சொல்லும். ஜோவிட்டா கூட்டக் குறிப்புகளை எடுத்துத் தேதிவாரியாக நோட்டில் பட்டியலிட்டாள். தவசியின் நிழல் செய்வேன் என்று சொன்னவை பத்தொன்பது. நடந்தவை பத்தொன்பது. தான்தான் எங்கோ தேதியை மாற்றி எழுதிவிட்டோம் என்று நினைத்தாள். இன்னும் இரண்டு தடவை போட்டாள். பத்தொன்பதுதான் வந்தது.

"நல்ல பெட்டின்னு அர்த்தம்" என்றார் கஸ்பார்.

"தெக்கு வாய்க்கால் ஞாபகம் இருக்கா மாமா? ஜூன் மாசம் ஒருத்தர் எந்திரிச்சு, தெக்கு வாய்க்கால மறிச்சுருவாங்கன்னு பயம் சொன்னாரு. பெட்டியும் ஆமா, மறிப்பேன்னுச்சு. நாலு நாள்ல திட்டுக்காரங்க வந்து, ரெண்டு படகக் குறுக்க போட்டு மறிச்சாங்க."

யாரோ சிரித்தார்கள். தெற்கு வாய்க்கால் போன புயலிலேயே தூர்ந்துவிட்டது. அதில் நண்டுகூட நீந்த முடியாது. பயம் சொன்னவர் பம்பாயிலிருந்து திரும்பி வந்து ஒரு மாதமே ஆகியிருந்தது.

"இந்தக் கடல்ல பொறந்து வளந்த தவசி அந்த வாய்க்கால மறிப்பாரா? நம்ம கூட்டத்துல ஒருத்தர் தெரியாம சொன்னதை அங்க ஒருத்தன் அப்படியே செஞ்சிருக்கான். பெட்டி அவங்களப் பாத்துச் சொல்லல மாமா. அவங்கதான் பெட்டியப் பாத்துச் செய்யுறாங்க."

நிழற்பதிவகத்துக்கு அவள் எழுதியிருந்த கடிதத்துக்கு அன்று மதியம்தான் பதில் வந்திருந்தது. அதைப் படித்தாள். உருவுரிமைச் சட்டப்படி, யாருடைய நிழல் வாடகைக்கு விடப்பட்டாலும் அதன் நகல் ஒன்று அந்த நபருக்குச் சேர வேண்டும். தன்னைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது என்று அறிய அவருக்கு உரிமை உண்டு, குற்றவாளிக்கும் உண்டு. எனவே தினமும் காலை ஐந்து மணிக்கு, முந்தைய நாள் நிழலிடம் கேட்கப்பட்டவையும் அது சொன்ன பதில்களும் நகலின் நினைவில் சேர்க்கப்படும். கேட்டவர் யார் என்பது மட்டும் போகாது. மேற்படி தவசி இருபத்தாறு மாதங்களுக்கு முன் இறந்துவிட்டதால், நகல் அவர் மனைவியிடம் ஒப்படைக்கப்பட்டு ஒப்புகை பெறப்பட்டது.

"செத்துட்டானா?" என்றார் கஸ்பார்.

"நாம வாடகைக்கு எடுக்குறதுக்கு முந்தியே."

ஏலக்கூடத்தில் மீன் எடுக்கும் அமலி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அப்ப அவனுகளுக்கு யாரு தலைவன்?"

ஜோவிட்டா பெட்டியைக் காட்டினாள். "இதோட நகல்தான். சம்சாரம் வழியா அவங்க கைக்குப் போயிருக்கு. 'அண்ணே, இன்னைக்கு என்ன செய்யலாம்'னு காலையில அதுகிட்ட கேப்பாங்க போல. நேத்து இங்க என்ன சொல்லுச்சோ, அது அங்க அவரு எடுத்த முடிவா இருக்கும்."

"என் படகு..." என்ற அமலி நிறுத்தினாள். மார்ச் மாதப் பயச்சுற்றில் அவள்தான் சொன்னாள், என் புதுப்படக எரிச்சிருவாங்க என்று. பெட்டி, எந்தப் படகு, என்ன வண்ணம் என்று கேட்டது. பச்சை என்று சொன்னதும் அவள்தான்.

கஸ்பார் ஜோவிட்டாவின் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்குச் சுத்துல ஒம்பதாவது ஆளு நீ" என்றார் கஸ்பார் மெதுவாக. "என்ன சொல்லியிருப்ப?"

"ஒங்களுக்குத் தெரியுமே மாமா, டெல்வின் அண்ணனப் பத்தித்தான். அதை வாயால சொல்லணுமா?"

"வேணாம்த்தா" என்றார் அவர்.

எல்லோரும் நம்பிவிடவில்லை. நிழலியல் படித்தவள் பெட்டியைக் குறை சொல்லித் தன் படிப்பைக் காட்டுகிறாள் என்றும் ஒரு குரல் வந்தது. அமலி திரும்பி, "ஒனக்குப் படிப்பும் இல்ல, படகும் எரியல, சும்மா இரு" என்றாள். சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது. யாருக்கும் கெடுதல் இல்லாத ஒன்றாக இருக்கவேண்டும். வானத்திலிருந்து படமெடுக்கப் பறக்கும்பொறிகள் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள்.

"கூடாரத்து மேல எல்லாம் பச்ச வலையப் போத்திருவேன்" என்றது பெட்டி, புகையிலை அடக்கிய குரலில்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொலைநோக்கியில் பார்த்தபோது மூன்றாம் திட்டு முழுக்கப் பச்சையாக இருந்தது. எந்தப் பறக்கும்பொறியும் வரவில்லை.

அதற்குப் பிறகு டெல்வினைப் பற்றி இரண்டு மாலைகள் விவாதித்தார்கள். அவர்கள் விவாதித்ததிலேயே கடினமானது அதுதான், ஏனென்றால் இதில் ஒத்திகை கிடையாது. பெட்டியிடம் கேட்டுப் பார்த்துவிட்டு, பதில் சரியில்லை என்று வேறு கேள்விக்குப் போக முடியாது. கேட்ட நிமிடமே பதில் உத்தரவாகிவிடும். இரக்கப்படச் சொல்லிக் கேட்கலாமா? தவசி யாருக்கும் இரக்கப்பட்டதாக வாக்குமூலம் எதிலும் இல்லை. கும்பலைக் கலைந்து போகச் சொல்ல வைக்கலாமா?

"அவரு சொல்லக்கூடியதைத்தான் பெட்டி சொல்லும்க்கா" என்றாள் ஜோவிட்டா அமலியிடம். "அவருக்கு இல்லாத மனசை நாம உள்ள வைக்க முடியாது. இருக்கிற மனசுல எந்தக் கதவு திறக்கும்னு பாக்கணும்."

அவள் பழைய வழக்குக் கட்டுகளை வரிவரியாகப் படித்தாள். சிறையில் பரவிய அம்மையில் தவசியின் தம்பி இறந்திருந்தான். அதன்பின் தவசி, காய்ச்சல் கண்ட ஆட்களைத் தன்னோடு தங்கவிட்டதில்லை, கொல்லவும் விடவில்லை. பிணத்தைத் தொட்டால் ஒட்டும் என்று நம்பினார். இதுபோல ஐந்து சம்பவங்கள் இருந்தன. ஐந்து போதுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பத்தாவது நிமிடத்தில் போதும் என்று தோன்றியது. இருபதாவது நிமிடத்தில் தோன்றவில்லை.

அடுத்த நாள் மாலை அவள் பெட்டியை இயக்கினாள். "பிடிச்சு வச்சிருக்கிற சங்குமுனைக்காரனுக்கு ரெண்டு நாளா காய்ச்சல். உடம்பெல்லாம் கொப்புளம்."

பெட்டி வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது.

"கிட்ட யாரும் போகாதீங்க" என்றது. "கம்பால தள்ளி ஒரு படகுல ஏத்து. தண்ணி ஒரு கேன் வையி. மேக்கால நீரோட்டத்துல விட்டுரு."

மறுநாள் பதினொரு மணிக்கு எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் துடுப்பில்லாத படகு ஒன்று மிதந்து வந்தது. அதில் டெல்வின், கொப்புளம் எதுவும் இல்லாமல், தூங்கிக்கொண்டிருந்தான். ஜோவிட்டா நோட்டில் இருபத்தொன்று என்று எழுதினாள்.

அடுத்த கூட்டத்தின் தீர்மானம், பெட்டியைத் திருப்பிக் கொடுப்பது. விஷயத்தை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது. டெல்வினைப் பேசச் சொன்னார்கள்.

"காலையில அஞ்சரைக்கு எல்லாரும் குளிச்சுட்டு பெட்டி முன்னால வரிசையா நிப்பாங்க" என்றான் அவன். "அது சொல்ற வரைக்கும் டீ கூடப் போட மாட்டாங்க. நாப்பது பேரு, ஏழு வேகப்படகு. அது ஒண்ணும் சொல்லலைன்னா அன்னைக்குச் சீட்டாடுவாங்க."

"தவசி செத்தது அவங்களுக்குத் தெரியுமா?" என்றார் கஸ்பார்.

"தெரியும். உயிரோட இருந்தப்ப இவ்வளவு தெளிவாச் சொல்ல மாட்டாராம்."

அமலி முந்திக்கொண்டாள். "பெட்டிய நாம நிறுத்துனா அவனுக சொந்தப் புத்தியில ஆடுவானுக. இப்பவாவது என்ன செய்வானுகன்னு நமக்குத் தெரியுது."

அதில் நியாயம் இருந்தது. ஜோவிட்டாவும் அதை ஒப்புக்கொண்டாள். பெட்டி இருக்கட்டும், யாரும் எதுவும் கேட்க வேண்டாம், அவர்கள் சீட்டாடிக்கொண்டிருக்கட்டும் என்று ஏகமனதாக முடிவானது. நான்கு வாரம் கடல் அமைதியாக இருந்தது. சங்குமுனைக்காரர்கள் அத்தனை மீன் பிடித்து வருடக்கணக்காகியிருந்தது.

ஐந்தாவது வாரம் கஸ்பார் வடக்கூர் விஷயத்தை எடுத்தார். நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வடக்கூரின் விசைப்படகுகள் சங்குமுனை வரம்புக்குள் இழுவலை போட்டு, குஞ்சு மீனைக்கூட விடாமல் வாரிப் போவது பழைய வழக்கு. மனு, மறியல், சமாதானப் பேச்சு எல்லாம் ஆகிவிட்டது.

"சும்மா மிரட்டத்தான்" என்றார். "ஒரே ஒரு தடவை. திட்டுக்காரங்க ஏழு படகும் போய் நின்னாலே போதும்."

"மாமா, இதுக்கு அவரு என்ன சொல்வாருன்னு..." என்று ஜோவிட்டா தொடங்கினாள்.

"நீதான் அவர் மனசுல எந்தக் கதவு எங்க இருக்குன்னு படிச்சவளாச்சே. பாத்துக் கேளு."

டெல்வினும் கைதூக்கினான். அவன் வலையும் இரண்டு முறை வடக்கூர்ப் படகில் சிக்கிக் கிழிந்திருந்தது. ஆதரவு முப்பத்தொன்று, எதிர்ப்பு ஒன்பது. குறிப்பாளருக்கு வாக்கு இல்லை. அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததையும் அன்று நோட்டில் எழுதினாள். பிறகு தன்னால் முடிந்தவரை மென்மையான கேள்வி ஒன்றை அமைத்து, பெட்டியிடம் படித்தாள்.

வெள்ளிக்கிழமை ஏழு வேகப்படகுகளும் வடக்கூர் விசைப்படகுகளைச் சுற்றி வட்டமடித்தன. அலையில் விசைப்படகு ஒன்று கவிழ்ந்தது. மூன்று பேர் நீந்தினார்கள். நான்காவது ஆள், சேதுராயன், முப்பத்து நான்கு வயது, வலைக்கடியில் மாட்டிக்கொண்டான்.

அடுத்த புதன் மாலை நிழற்பதிவகத்திலிருந்து சங்குமுனைக்கு ஒரு சாதாரண அறிவிப்பு வந்தது. தவசி என்பவரின் நிழலை வாடகைக்குப் பெற்றிருப்போர் எண்ணிக்கை இன்று முதல் இரண்டு. இரண்டாவது வாடகைதாரர் வடக்கூர் ஊர்க்கூட்டம். திட்டுக்காரர்களின் வன்முறைக்கு எப்படிப் பதிலளிப்பது என்று அவர்கள் இன்று மாலை முதன்முறையாகக் கூடி ஆலோசிக்கிறார்கள். விவரம் தங்கள் தகவலுக்காக.

கஸ்பார் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"அவங்க பெட்டிகிட்ட என்ன கேப்பாங்க?" என்றாள் அமலி.

"நாம கேட்டதைத்தான்" என்றாள் ஜோவிட்டா. "இப்படி ஆயிருமா, அப்படி ஆயிருமான்னு. இல்லைன்னா, சங்குமுனைக்காரங்க மேல எப்பப் பாய்வன்னு."

"யாராவது ஓடிப்போய்ச் சொல்லுங்கப்பா, எதுவும் கேக்க வேணாம்னு. நாலு கிலோமீட்டர்தான, டெல்வின் வண்டியில பத்து நிமிஷம்."

டெல்வின் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். கதவருகே போய் நின்றான். "ஏன் கேக்கக் கூடாதுன்னு அவங்க கேட்டா?"

பெட்டி சொல்வதைத்தான் திட்டுக்காரர்கள் செய்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். அது எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்தினம் பெட்டியிடம் பேசியது யார் என்று கேட்பார்கள். சேதுராயனின் அப்பா அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் இருப்பார்.

"நான் சொல்றேன்" என்றாள் ஜோவிட்டா. "கேள்விய அமைச்சது நான்தான்."

"ஊர் பேருல போனா ஊர் முடிவு வேணும்" என்றார் கஸ்பார். "ஒக்காரு. பேசி ஒரு முடிவுக்கு வருவோம்."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். பேசினார்கள். உண்மையைச் சொல்வது, பாதியைச் சொல்வது, வேறு காரணம் சொல்வது என்று மூன்று யோசனைகள் வந்தன. மூன்றாவதற்கு இரண்டு திருத்தங்களும் வந்தன. ஆறே முக்காலுக்கு ஜோவிட்டா நோட்டை மேசையில் வைத்துவிட்டு, அண்ணன் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். கடற்கரைச் சாலையில் முழு வேகத்தில் போனாள்.

வடக்கூர் மன்றத்தில் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் துணியால் மூடிக்கொண்டிருந்த பெண் இவளை விருந்தாளி என்று நினைத்துச் சிரித்தாள்.

"நல்ல பெட்டிங்க" என்றாள். "கேட்டதுக்கெல்லாம் டக்குடக்குன்னு பதில் சொல்லுது."