வடிகட்டியைத் தொடாதே!

நாற்பத்திரண்டாயிரத்து எழுநூறு!

ஈரக்கை தன் முதலாளிக்குத் தர வேண்டிய பாக்கி அது. வட்டி தனி.

பெரிய மீன் தொட்டிகளைப் பொருத்திக் கொடுத்துப் பராமரிப்பது ஈரக்கையின் பிழைப்பு. எந்த நேரமும் முழங்கை வரை நனைந்திருப்பான். பெயர் வந்த கதை அதுதான். மனைவி படுக்கையில் விழுந்தபோது வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. அதைக் கழிக்கத்தான் முதலாளி வீட்டுக் கூடத்தில் சுவர் நீளத்துக்கு ஒரு தொட்டி போட்டுக் கொடுத்தான்.

“மீனெல்லாம் ஒரு மாசம் உயிரோட இருந்தா உன் கடன் கழிஞ்சுது. செத்துச்சு... கடன் ரெட்டிப்பு!”

பேச்சு அவ்வளவுதான்.

மாதம் முடியவில்லை. செல்போன் அலறியது.

“டேய், எங்கடா இருக்க? இன்னும் ரெண்டு மிதக்குது. உடனே வா!” முதலாளி.

ஈரக்கை சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான்.

முதலில் போனவை நத்தைகள். பிறகு குட்டி மீன்கள். இப்போது உள்ளங்கை அகலத்து மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு... மிச்சமிருந்தவை தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து தவித்தன.

அவன் செய்யாதது ஒன்றுமில்லை. தினமும் கால் பங்கு தண்ணீரை இறக்கிவிட்டு, குளோரின் வாடை போக வாளிகளில் பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றினான். தீனியை ஒரு சிட்டிகையாகக் குறைத்தான். பிறகு அதையும் நிறுத்தினான். மோட்டார் சீராகத்தான் ஓடியது. தண்ணீர் கண்ணாடியாகத்தான் இருந்தது.

சாவு மட்டும் நிற்கவில்லை!

கூடத்துக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

சோபாவில் ஓர் இன்ஸ்பெக்டர்!

“மீன் செத்ததுக்குப் போலீஸா முதலாளி...?”

“மீனுக்கு இல்லடா. நெக்லஸுக்கு! கல்யாண நாளுக்கு நான் இவளுக்குக் குடுத்தது. பத்து நாளா காணோம். வெளியாள்னு இந்த வீட்டுக்குள்ள வர்றவன் நீ ஒருத்தன்தான்!”

“ஐயோ... அம்மா, நீங்களாவது சொல்லுங்கம்மா!”

முதலாளியின் மனைவி சமையலறைக் கதவோரம் நின்றாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

“இன்ஷூரன்ஸ்ல சொல்லிட்டீங்களா சார்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நேத்தே எழுதிக் குடுத்தாச்சு. சுத்தத் தங்கமாச்சே!”

இன்ஸ்பெக்டர் எழுந்தார். சோபா இடுக்கைத் தடவினார். திரைச்சீலையை உதறினார். தொட்டிக்குக் கீழே இருந்த கதவைத் திறந்தார். உள்ளே வடிகட்டிப் பெட்டி. கையை நீட்டினார்...

“சார்! அதைத் தொடாதீங்க!”

ஈரக்கையின் வாய் தானாகக் கத்திவிட்டது. பாழாய்ப்போன தொழில் பழக்கம்!

“ஏன்? தொட்டா கடிக்குமா?”

“புதுத் தொட்டி சார்... பஞ்சுல நல்ல கிருமி ஊறணும். மீனோட அழுக்கைத் தின்னு தீர்க்கிற கிருமி. ஒரு மாசத்துக்கு யாரும் திறக்கவே கூடாது. வீட்ல எல்லார்கிட்டயும் முதல் நாளே சொல்லி வச்சிருக்கேன்...”

“அடேங்கப்பா! இதைவிட நல்ல லாக்கர் எங்க கிடைக்கும்?”

மூடி திறந்தது. பஞ்சு வெளியே வந்தது. அதன் அடியில்...

நெக்லஸ்!

“பார்த்தீங்களா சார்!” முதலாளி துள்ளினார்.

விலங்கு ஈரக்கையின் மணிக்கட்டில் ஏறியது.

“நான் எடுக்கல சார்... வீட்ல எழுந்து நடக்க முடியாதவ கிடக்கறா சார்... வேணும்னா கடனை ரெட்டிப்பாவே கட்டிடறேன்...”

“எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. நட!”

“அவரை விடுங்க!”

அலறியது முதலாளியின் மனைவி!

“நான்தான் ஒளிச்சு வச்சேன்!”

“என்னடி உளர்ற?”

“என் வளையலை அடகு வச்சீங்க. மோதிரத்தை வச்சீங்க. இதுவும் போயிடும்னுதான் காணோம்னு சொன்னேன். யாரும் திறக்கக்கூடாத இடம் இந்த வீட்ல அது ஒண்ணுதான். நீங்க போலீஸ் வரைக்கும் போவீங்கன்னு கண்டேனா...?”

இன்ஸ்பெக்டர் நெக்லஸை வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஏம்மா... தண்ணில கிடந்தா தங்கம் பச்சை பிடிக்குமா?”

நகத்தால் சுரண்டினார். மஞ்சள் உரிந்தது. உள்ளே சிவப்பு!

“கவரிங்! உள்ள அத்தனையும் செம்பு!”

ஈரக்கை தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“செம்பா...? அது கரைஞ்சா மீனுக்கு விஷமாச்சே! தினம் தினம் தண்ணியை மாத்தினேனே சார்... விஷத்தை உள்ளேயே வச்சுக்கிட்டு மாத்தியிருக்கேனே!”

“சுத்தத் தங்கம்னீங்க?” மனைவி கணவனைப் பார்த்தாள்.

“அது... கடைக்காரன் ஏமாத்திட்டான்...”

“அப்படியா? கடைப் பேரைச் சொல்லுங்க. இப்பவே போன் போடறேன்” என்றார் இன்ஸ்பெக்டர்.

முதலாளியின் வாய் திறந்தது... மூடியது... திறந்தது. மேல்மட்டத்து மீன் மாதிரியே!

“தெரிஞ்சே கவரிங்குக்கு இன்ஷூரன்ஸ்ல தங்க விலை கேட்டிருக்கீங்க. மோசடி! கிளம்புங்க.”

விலங்கு கை மாறியது.

“டேய் ஈரக்கை! மீன் செத்துச்சுல்ல? கடன் ரெட்டிப்புடா!”

“வாயை மூடுங்க!” சீறினாள் மனைவி. “கொன்னது உங்க கவரிங்கும் என் பயமும். அதுக்கு அவர் ஏன் அழணும்? தம்பி, உங்க கடன் கழிஞ்சுது. வட்டியும் கிடையாது, பாக்கியும் கிடையாது. போய் வீட்டுக்காரம்மாவைப் பாருங்க.”

ஈரக்கைக்குச் சிரிப்பு வரவில்லை. தொட்டியில் கடைசி மீன் மெல்லப் புரண்டது. கையைப் பிசைந்துகொண்டு பார்த்தான். அதைத்தான் அவனால் செய்ய முடிந்தது.

வாசலில் முதலாளி தயங்கினார்.

“சார்... ஸ்டேஷன்ல சாப்பாடெல்லாம் எப்படி...?”

இன்ஸ்பெக்டர் ஈரக்கை பக்கம் திரும்பினார்.

“ஏம்ப்பா, புது இடத்துக்கு வர்ற மீனுக்குத் தீனி எவ்வளவு போடணும்?”

ஈரக்கை கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“ஒரு சிட்டிகை போதும் சார். அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்!”